தாது வருடத்திலும் கடவுள் இருந்தாரா? ஏற்காட்டுத் தியான இல்லத்தில் ஒரு மூன்று நாள் வகுப்பு

ஏற்காட்டில் எந்த விடுதியில் அறை எடுக்கலாம், எந்த உணவகத்தில் மிளகுக் கோழி நன்றாக இருக்கும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதே மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, பல ஆண்டுகளாக நடந்துவரும் தியான இல்லங்களைப் பற்றி மதிப்புரை எழுதுகிறவர் அநேகமாக யாருமில்லை. ஆசீர்வாதம் வாங்கப் போன இடத்தைப் பற்றிக் குறை சொல்லலாமா என்ற கூச்சம் காரணமாக இருக்கலாம். நாங்கள் ஆளுக்கு 2,700 ரூபாய் கட்டிவிட்டுப் போனவர்கள். ஆகையால் எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. சென்ற ஐப்பசியில் ஒரு வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை நானும் என் மனைவியும் அத்தகைய கிறிஸ்தவத் தியான இல்லம் ஒன்றில் தங்கினோம். உலக வரலாற்றிலும் அன்றாட நிகழ்ச்சிகளிலும் கடவுள் எவ்வாறு செயல்படுகிறார் என்று கிறிஸ்தவர்கள் நம்பி வந்திருக்கிறார்கள், அந்த நம்பிக்கை எங்கே நிதானமாகவும் எங்கே அவசரமாகவும் கையாளப்பட்டிருக்கிறது என்பதே வகுப்பின் பொருள். செவ்வாய்ப்பேட்டைத் தானிய மண்டி ஒன்றில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். காசு கொடுத்து வாங்கியதை எடை போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. இல்லத்தின் பெயரையும் வகுப்பு எடுத்தவர்களின் பெயர்களையும் இங்கே எழுதப்போவதில்லை, ஏனெனில் குறைகளை அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்கு வகுப்புகளில் மூன்று, கொடுத்த தொகைக்கு மேலாகவே பெறும், நான்காவதை நீக்கிவிட்டு அந்த நேரத்தில் எங்களைத் தூங்க விட்டிருக்கலாம்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பேருந்தே போதும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நினைவில் வைத்திருப்பவர்கள், மழைக்காலத்தில் கிளம்புமுன் குப்பனூர் வழி திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. அறைகள் சுத்தமாக இருந்தன; போர்வை மட்டும் ஐப்பசிக் குளிருக்குப் போதாது.

இல்லம் கத்தோலிக்கர்களுடையது, நாங்கள் புராட்டஸ்டண்டு வழியிலான தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். வந்திருந்த இருபத்தாறு பேரில் எங்களைப் போல ஏழெட்டுப் பேர் இருந்தோம். வேறுபாட்டை யாரும் உணர்த்தவில்லை என்றாலும், வேதாகமத்தைத் திறந்த உடனே அது தானாக வெளிப்பட்டது. நான் ஏசாயா என்று தேடுவதை அவர்கள் எசாயா என்றார்கள். எங்கள் கோரேசு அவர்களுக்குச் சைரசு. எங்கள் ஆபகூக் அவர்களுக்கு அபக்கூக்கு. நான் கர்த்தர் என்று வாசித்த இடத்தில் பக்கத்திலிருந்தவர் ஆண்டவர் என்று வாசித்தார். முதல் ஒரு மணி நேரம் இதுவே பெரிய குழப்பமாக இருந்தது. இரண்டு மொழிபெயர்ப்புகளிலும் பெயர்கள் எப்படி வருகின்றன என்று அரைப் பக்கத்தில் ஒரு பட்டியல் அச்சிட்டுக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

முதல் வகுப்பை எடுத்தவர் எழுபது வயதைக் கடந்த ஃபாதர் ஒருவர். மெல்லிய குரல், ஆனால் ஒரு சொல்லைக்கூட வீணாக்காதவர். ஏசாயா நாற்பத்தைந்தாம் அதிகாரத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொண்டு, இஸ்ரவேலனல்லாத, கர்த்தரை அறியாத ஒரு பாரசீக அரசனை அபிஷேகம் பெற்றவன் என்று தீர்க்கதரிசி அழைப்பது அந்தக் காலத்து யூதனின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று கேட்டார். தாவீதின் வாரிசுக்கு உரிய பட்டத்தை அயலான் ஒருவனுக்குக் கொடுப்பது சிறிய விஷயமன்று. எருசலேம் அழிந்து, ஆலயம் எரிந்து, மக்கள் பாபிலோனுக்குச் சிறை சென்ற பிறகு, கி.மு. 539இல் கோரேசு என்னும் அந்தப் பாரசீக அரசன் பாபிலோனைப் பிடித்தான். சிறைப்பட்டவர்கள் ஊர் திரும்ப வழி பிறந்தது. இதுவரை ஞாயிறு பள்ளியில் படித்ததுதான். அதற்குப் பிறகு ஃபாதர் காட்டியதை நான் எதிர்பார்க்கவில்லை. பாபிலோன் அகழ்வாய்வில் 1879இல் கிடைத்து, இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் களிமண் உருளை ஒன்றின் படத்தை அவர் திரையில் காட்டினார். கோரேசின் பெயரால் எழுதப்பட்ட அந்த உருளை, நேர்மையான அரசன் ஒருவனைத் தேடி அவனைத் தேர்ந்தெடுத்தது மர்துக் என்னும் பாபிலோனியத் தெய்வம் என்று சொல்கிறது. எருசலேமைப் பற்றியோ யூதர்களைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஒரே அரசன், ஒரே வெற்றி. ஒரு பக்கம் மர்துக்கின் பூசாரிகள் தங்கள் தெய்வத்தின் செயல் என்கிறார்கள், மறுபக்கம் அடிமைகளாக இருந்த சிறு கூட்டத்தின் தீர்க்கதரிசி தன் தேவனின் செயல் என்கிறார். களிமண்ணைத் தோண்டி எடுக்கும் ஆராய்ச்சியாளரால் இந்த இரண்டில் எது சரி என்று சொல்ல முடியாது என்றும், விசுவாசி அவரிடம் அதைக் கேட்கவும் கூடாது என்றும் ஃபாதர் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சற்றுக் கோபமாகவே எழுந்து, அப்படியானால் வேதத்துக்குச் சான்று எங்கே என்று கேட்டார். ஃபாதர் அசையவில்லை. ஏசாயா சொல்வது விசுவாச அறிக்கை. நீதிமன்றத்தில் காட்டும் பத்திரமன்று என்றார். பிறகு ஆமோஸ் ஒன்பதாம் அதிகாரத்தின் ஏழாம் வசனத்துக்குப் போனார். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து கொண்டுவந்த அதே கர்த்தர், பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவந்ததாக அங்கே சொல்லப்படுகிறது. அதாவது, பகைவர்களுக்கும் ஒரு யாத்திராகமம் (விடுதலைப் பயணம்) உண்டு. ஐம்பது ஆண்டுகளாகப் பிரசங்கம் கேட்கும் எனக்கு இந்த வசனத்தின் மேல் ஒரு பிரசங்கம் கேட்ட நினைவு இல்லை. வரலாற்றில் கடவுள் என்றால் நம் சபையின் வரலாற்றில் கடவுள் என்று சுருக்கிக்கொள்ளும் பழக்கத்துக்கு, அந்த ஒரு வசனமே போதுமான மருந்து.

சனிக்கிழமைக் காலை வகுப்புக்காக மட்டுமே இந்த மதிப்புரையை எழுதத் தொடங்கினேன் என்றாலும் தவறில்லை. வரலாற்றுப் பேராசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் தாது வருடப் பஞ்சத்தை எடுத்துக்கொண்டார். 1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் மழை ஏமாற்றியது. 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தின் கொடுமையை மிகுதியாக அனுபவித்த மாவட்டங்களில் நம் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் இருந்த மக்கள் தொகை 1881இல் பெருமளவு குறைந்திருந்தது. இந்தப் பேரழிவில் கடவுள் எங்கே இருந்தார் என்ற கேள்வியை எடுத்த எடுப்பில் எழுப்பாமல், முதலில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்று பார்ப்போம் என்றார் அம்மையார். 1877 ஜனவரி முதல் நாளில், விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்கும் தர்பாரை டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு நடத்திக்கொண்டிருந்தார். பஞ்சத்தை மேற்பார்வையிடச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் வெட்டும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று நிர்ணயித்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், அந்த அளவு உயிரைக்கூடப் பிடித்து வைக்காது என்று விடாமல் வாதாடி, சில மாதங்களில் கூலியை உயர்த்த வைத்தார்.

இதில் என்னை உலுக்கியது வேறொரு செய்தி. இதே டெம்பிள்தான் 1873–74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்து, சாவு மிகக் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டவர். உயிர்களைக் காப்பாற்றியதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று. பணத்தை வாரி இறைத்தார் என்ற கண்டனம். அந்தக் கண்டனத்தைக் கேட்டுத் திருந்தியவர்தான் சென்னைக்கு வந்தார். வானத்திலிருந்து மழை பெய்யாததையும் கிடங்கிலிருந்து தானியம் வராததையும் கடவுள் சித்தம் என்ற ஒரே தலைப்பின் கீழ் எழுதிவிட்டால், இரண்டாவதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள் என்றார் அம்மையார். கணக்கு எழுதியவனுக்கு இது உடனே விளங்கியது: இருவர் பெயரில் எழுத வேண்டிய பற்றை ஒருவர் பெயரில், அதிலும் கேள்வி கேட்க முடியாத ஒருவர் பெயரில் எழுதுவது, மண்டிகளில் நாங்கள் நன்றாக அறிந்த தந்திரம். ஆதியாகமத்தின் கடைசி அதிகாரத்தில் யோசேப்பு தன் சகோதரரிடம் பேசுவதும் இதே கணக்குதான் என்று அவர் காட்டினார். நீங்கள் தீமை நினைத்தீர்கள் என்பதை யோசேப்பு அடித்து அழிக்கவில்லை. அந்த வரி அவர்கள் பெயரிலேயே நிற்கிறது. தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்பது அடுத்த வரியாக வருகிறது. இந்த இடத்தில் நான் ஒரு சந்தேகம் கேட்டேன். அதே யோசேப்பு, நாற்பத்தேழாம் அதிகாரத்தில், பஞ்சத்தில் தவித்த எகிப்தியரிடமிருந்து முதலில் பணத்தையும், பிறகு ஆடுமாடுகளையும், கடைசியில் நிலத்தையும் அவர்களையே கூடவும் பார்வோனுக்கு வாங்கிக்கொண்டுதானே தானியம் கொடுத்தான் என்றேன். அம்மையார் சிரித்துவிட்டு, இதை ஒரு தானிய மண்டிக்காரர்தான் கேட்க முடியும் என்றார். பதில் சொல்லவில்லை, ஆனால் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பஞ்சத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் உள்ள தொடர்பை அவர் மூடி மறைக்கவில்லை. பஞ்ச காலத்திலும் அதை ஒட்டியும் கூட்டம் கூட்டமாக மக்கள் சபைகளில் சேர்ந்தார்கள். அதைக் கடவுளின் அறுவடை என்று எழுதிய மிஷனரிகளும் உண்டு, அரிசிக்காக வந்தவர்கள் என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னது ஆந்திராவின் ஒங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப் என்பவரை. பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்து, பசியால் வந்தவர்களுக்கு வேலை கொடுத்த அவர், நிவாரணம் நடந்துகொண்டிருந்த காலம் முழுவதும் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். வேலை முடிந்து, கொடுக்க எதுவும் இல்லாத நிலையிலும் மக்கள் வந்தார்கள்; 1878 ஜூலை 3ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். சோற்றையும் விசுவாசத்தையும் தனித்தனிப் பாத்திரத்தில் வைத்த அந்தப் பொறுமையை அம்மையார் மதித்தார். ஆயினும் அங்கேயே நிறுத்தவில்லை. கிளஃப் வந்து சேர்வதற்கு முன்பே ஆன்மீகத் தேடலில் அலைந்து, பிறகு மாதிகா என்னும் தெலுங்குத் தலித் மக்களிடையே ஊர் ஊராக நடந்து சொல்லிவந்தவர் யெர்ரகுண்ட்ல பெரய்யா. அவர் இல்லாமல் அந்த எண்ணிக்கையே இல்லை. வரலாற்றில் கடவுள் செயல்பட்டார் என்று எழுதும்போது, அவர் யார் கையால் செயல்பட்டார் என்ற இடத்தில் நாம் எப்போதும் கப்பலில் வந்தவரின் பெயரை மட்டும் போடுகிறோம் என்று அவர் சொன்னது, எங்கள் ஊர்ச் சபைகளின் நூற்றாண்டு மலர்களைப் புரட்டியவர்களுக்கு நன்றாகவே தைக்கும்.

வீடு திரும்பிய மறுநாள், பழைய மண்டிக்குப் போய் ஒரு பவுண்டு அரிசியைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 450 கிராமுக்குக் கொஞ்சம் மேல். உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவனுக்கு அது போதலாம். வெயிலில் நாள் முழுவதும் மண் சுமந்தவனுக்கு என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்று பிற்பகல் வகுப்பு என்பதைவிடப் பயிற்சி என்று சொல்லலாம். மேட்டூர் அணை கட்டப்பட்டது 1925 முதல் 1934 வரை. நீர்த்தேக்கத்துக்காக ஊர்கள் காலி செய்யப்பட்டன. வீடுகளோடு கோயிலும் தேவாலயமும் தண்ணீருக்குள் போயின. இன்றும் நீர்மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். செய்தித்தாள்கள் படம் போடும். எங்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, அந்தக் கோபுரத்தைப் பார்த்து நான்கு பேர் சொல்லக்கூடிய சாட்சியை எழுதச் சொன்னார்கள்: ஊரை விட்டு மேட்டுக்கு ஏறிய குடும்பத்துக் கிறிஸ்தவர், அணையின் தண்ணீரில் நெல் விளைவித்த தஞ்சாவூர்க் கிறிஸ்தவர், அணையைக் கட்டிய பொறியாளர், வறட்சியில் கோபுரம் தெரியும்போது மட்டும் வேடிக்கை பார்க்க வரும் சேலத்துக்காரர். அணை முழு அளவான 120 அடி நிறைந்தால் தஞ்சைக்காரர் ஸ்தோத்திரம் சொல்கிறார். அதே நிறைவில்தான் முதலாமவரின் தேவாலயம் மூழ்குகிறது. இருவரின் ஜெபமும் ஒரே தேவனிடம் போகிறது. எங்கள் குழு எழுதிய சாட்சி சுமாரானது. தண்ணீர் வற்றும்போது எங்களுக்குச் சந்தோஷம், ஆனால் வற்ற வேண்டும் என்று நாங்கள் எப்படி ஜெபிப்போம் என்று முதல் குழுவிலிருந்த ஒரு பெண் எழுதி வாசித்த வரி மட்டும் மூன்று நாளும் எல்லாராலும் பேசப்பட்டது. இந்தப் பயிற்சிக்கு ஒதுக்கிய ஒன்றேகால் மணி நேரம் போதாது; அரை நாள் கொடுத்திருக்க வேண்டும்.

உணவைப் பற்றி இரண்டு வரிகள். காலையில் வெண்பொங்கல், மதியம் பீன்ஸ் பொரியலும் மிளகு ரசமும், இரவில் சப்பாத்தி. எல்லாம் சூடாகவும் அளவாகவும் இருந்தன, சமையலறைச் சிஸ்டர்கள் மறுசோறு கேட்க வைக்காமல் பரிமாறினார்கள். காப்பியை மட்டும் மன்னிக்க முடியாது. 1820களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து காப்பி விளையும் மலையில், சன்னலைத் திறந்தால் காப்பிச் செடி தெரியும் கட்டடத்தில் உட்காரவைத்து, பாக்கெட்டைப் பிரித்து வெந்நீரில் கரைத்த பொடிக் காப்பியைக் கொடுத்தார்கள்.

ஞாயிறு காலை திருப்பலி. அதில் கலந்துகொள்வது எங்கள் விருப்பத்துக்கு விடப்பட்டது. நாங்கள் பின்வரிசையில் அமர்ந்திருந்தோம். பிற்பகலில்தான் அந்த நான்காவது வகுப்பு. வெளியிலிருந்து அழைக்கப்பட்ட பேச்சாளர் ஒருவர், மடிக்கணினியில் வரைபடங்களோடு வந்து, மத்தியக் கிழக்கில் நடக்கும் போர்கள், நிலநடுக்கங்கள், கொள்ளைநோய், எண்ணெய் விலை எல்லாவற்றையும் எசேக்கியேலிலும் வெளிப்படுத்தலிலும் உள்ள வசனங்களோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்திக் காட்டினார். பேச்சில் வல்லவர், கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1991இல் வளைகுடாப் போர் நடந்தபோது சேலத்தில் ஒரு நற்செய்திக் கூட்டத்தில் சதாம் உசேன்தான் பாபிலோன் அரசன் என்றும், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றும் கேட்டு, வீட்டுக்கு வந்து என் தாயாருக்கு அதை விளக்கியவன் நான். பெயர்கள் மாறியிருக்கின்றன, அம்புக்குறிகள் அதே இடத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையைக் கேட்டவர்கள் 1844 அக்டோபர் 22ஐக் கர்த்தரின் வருகை நாளாக எதிர்பார்த்து, மறுநாள் விடிந்தபோது அடைந்த ஏமாற்றம் சபை வரலாற்றில் நன்கு அறியப்பட்டது. காலங்களையும் வேளைகளையும் அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்று அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்திலேயே சொல்லப்பட்டிருக்க, அந்த வசனத்தை மட்டும் இவர்கள் வரைபடத்தில் எந்த நாட்டிலும் காண முடிவதில்லை.

தேதி தவறிப்போவது சிறிய ஆபத்து. பெரிய ஆபத்தை ஃபாதர் அன்று மாலைத் தேநீர் வேளையில், பேச்சாளர் பெயரை எடுக்காமலே, எங்கள் சிலரிடம் சொன்னார். 1933இல் ஹிட்லர் பதவிக்கு வந்ததை, தேசத்தின் வரலாற்றில் கடவுள் நேரடியாகச் செயல்பட்டதன் அடையாளம் என்று ஜெர்மனியில் மேடையேறிச் சொன்னவர்கள் நாத்திகர்கள் அல்லர். ஞாயிறுதோறும் ஆராதனை நடத்தியவர்கள். அதை மறுத்து 1934 மே இறுதியில் பார்மன் நகரில் கூடியவர்கள், வேதத்தில் சாட்சி கூறப்படும் இயேசு கிறிஸ்துவே நாம் கேட்க வேண்டிய ஒரே வார்த்தை என்றும், அவருக்கு அருகில் வேறு நிகழ்ச்சிகளையும் அதிகாரங்களையும் கடவுளின் வெளிப்பாடாக ஏற்க முடியாது என்றும் அறிக்கையிட்டார்கள். அந்த அணியில் நின்ற ஜெர்மானியப் போதகர் டீட்ரிஷ் போன்ஹோபர் 1945 ஏப்ரல் 9ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அதே 1934 ஆகஸ்டில்தான் மேட்டூர் அணை திறக்கப்பட்டது என்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் மனம் குறித்துக்கொண்டது. இரண்டுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை, கணக்கனின் புத்தி அப்படி.

அந்தப் பிற்பகல் வகுப்பு ஏன் ஒட்டவில்லை என்பதைப் பிறகு யோசித்துப் பார்த்தேன். தீர்க்கதரிசிகளும் அன்றன்றைய செய்திகளில் கடவுளின் கையைக் கண்டவர்கள்தான்; அதில் பேச்சாளருக்கும் அவர்களுக்கும் வேறுபாடில்லை. ஆனால் ஆமோஸ் விரல் நீட்டுவது தன் சொந்த மக்களை நோக்கி: பூமியின் வம்சங்களுக்குள்ளே உங்களை மாத்திரம் அறிந்துகொண்டேன், ஆகையால் உங்களைத்தான் தண்டிப்பேன் என்பது அவர் கொண்டுவந்த செய்தி. ஆபகூக் இன்னும் ஒருபடி மேலே போய், கல்தேயரை (பாபிலோனியரை) எழுப்பினேன் என்று கர்த்தர் சொன்ன பிறகும், துன்மார்க்கன் தன்னைவிட நீதிமானை விழுங்குகையில் நீர் மௌனமாயிருப்பதேன் என்று திருப்பிக் கேட்டுவிட்டு, காவல்மேட்டில் ஏறிப் பதிலுக்குக் காத்திருக்கிறார். பிற்பகலில் நாங்கள் கேட்ட ஒன்றரை மணி நேரத்தில் ஒரு விரல்கூட இருபத்தாறு பேர் இருந்த அந்த அறையை நோக்கி நீளவில்லை. எல்லா நியாயத்தீர்ப்பும் கடல் கடந்தே நடந்தது. ஒரு செய்தியைக் கடவுளின் செயல் என்று ஒருவர் விளக்கும்போது, அந்த விளக்கத்தால் சொல்கிறவருக்கு என்ன செலவு என்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரவில் கேள்வி நேரம். என் மனைவி நாகப்பட்டினத்துக்காரி. பொதுவாகக் கூட்டங்களில் வாய் திறக்கமாட்டாள். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. கிறிஸ்துமசுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் யாத்திரிகர் கூட்டம் நிறைந்திருந்தது. கடல் உள்ளே வந்தபோது பேராலயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கடற்கரையிலும் கடைத்தெருவிலும் இருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். அவளுடைய தாய்வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக் குடும்பத்தில் ஐந்து பேர் போய் இரண்டு பேர் திரும்பினார்கள். "ஃபாதர், ஆலயத்தை மாதா காப்பாற்றினாள் என்று அந்த வாரமே எல்லாரும் சொன்னார்கள். நான் உங்கள் சபை இல்லை, அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் சபையிலும் யார் யாரையோ கர்த்தர் காப்பாற்றினார் என்று சாட்சி சொன்னார்கள். காப்பாற்றினது அவர் என்றால், மற்ற மூன்று பேரையும் விட்டது யார்?" என்று கேட்டாள்.

ஃபாதர் லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தார். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று தாமே பதில் சொல்லும் இடம். கி.பி. 410இல் ரோமாபுரி சூறையாடப்பட்டபோது, இது யாருடைய தெய்வத்தின் கோபம் என்று கிறிஸ்தவரும் பழைய தெய்வங்களை வணங்கியவரும் சண்டையிட்டுக்கொண்டிருக்கையில், அக்காலத்து ஆயர் அகுஸ்தீன் பதின்மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து இருபத்திரண்டு புத்தகங்களாக எழுதிய பதிலும், நல்லவருக்கும் கெட்டவருக்கும் அழிவு ஒன்றுபோலவே வருகிறது என்ற இடத்திலிருந்துதான் தொடங்குகிறது என்றார். என் மனைவி விடவில்லை. "இறந்தவர்கள் பாவிகள் இல்லை என்பதற்கு இது பதில், ஃபாதர். அவர்கள் ஏன் இறந்தார்கள் என்பதற்கு இது பதில் இல்லையே" என்றாள். ஃபாதர் ஒப்புக்கொண்டார். இரண்டாவது கேள்விக்கு இயேசு அந்த இடத்தில் பதில் சொல்லவில்லை, நானும் சொல்ல முயன்றால் அது அந்த வீட்டுக்காரர்களுக்குச் செய்யும் இரண்டாவது தீங்கு என்றார். பேராசிரியை அம்மையார் எழுந்து வந்து என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கேள்வி நேரம் அதற்குப் பிறகும் அரைமணி நேரம் நடந்தது. யாரோ தசமபாகத்தைப் பற்றிக் கேட்டார்கள்.

நடத்துகிறவர்களிடம் நான் சொல்லிவிட்டு வந்தவை இவை: கையேட்டின் எழுத்து மிகச் சிறியது, வந்தவர்களில் பாதிப் பேர் அறுபதைக் கடந்தவர்கள், பஞ்ச வகுப்புக்கான குறிப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன, அவற்றைத் தமிழில் தர வேண்டும், நாற்பது வயதுக்குக் கீழே மூன்று பேர்கூட இல்லாத வகுப்பில் நிகழ்காலத்தைப் பற்றிப் பேசுவது நிறைவாக இருக்காது, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தைப் பாதியாக்கலாம், ஞாயிறு பிற்பகலை மேட்டூர்ப் பயிற்சிக்குக் கொடுத்துவிடலாம். கடைசியில் சொன்னதைக் கேட்டு அலுவலகத்தில் இருந்த இளம் ஃபாதர் தலையைச் சொறிந்தார். அந்தப் பேச்சாளருக்குத்தான் கூட்டம் அதிகம் வருகிறது என்றார். அதுவும் உண்மையாக இருக்கலாம்.

அடுத்த வகுப்பு தவக்காலத்தில், ஆபகூக்கின் மூன்று அதிகாரங்கள் மட்டும், வெளிப் பேச்சாளர் இல்லாமல் என்று தெரிவித்திருக்கிறார்கள். பேருந்துக்குக் கிளம்புமுன் என் மனைவிதான் அலுவலகத்துக்குத் திரும்பிப் போய் இருவருக்கும் முன்பணம் ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டு வந்தாள். போர்வையும் வடிகட்டியும் அரைக்கிலோ காப்பித்தூளும் வீட்டிலிருந்தே கொண்டுபோகிறோம்.